பேச்சு நின்றால் சூடேறும் கார்டு

அந்த கிராபிக்ஸ் கார்டுக்குக் கூச்ச சுபாவம் இருக்க வழியில்லை. ஆனால் நடந்ததைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. கார்வேந்தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அது சமர்த்தாக ஓடியது. அவன் விடைபெற்றுக்கொண்டு பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் திணற ஆரம்பித்தது. இரண்டு முறை திருப்பூருக்குப் போய்வந்துவிட்டான். இரண்டு முறையும் இதே கதை.

கம்ப்யூட்டர் திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதிப்பது அவன் வேலை. கோயம்புத்தூரில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தில் அவனுடைய லேப் இருந்தது. ஒரு கார்டு எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு சத்தம் போடுகிறது, கேமை எவ்வளவு வேகமாக ஓட்டுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ முடியாத மூன்று மருமகள்கள் என்பான் கார்வேந்தன். வேகம் கூடினால் சூடு கூடும். சூட்டைத் தணிக்க ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும். ஃபேன் வேகமாகச் சுற்றினால் வீட்டில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க வந்ததுதான் 'மென்காற்று' என்ற புது கார்டு. அதன் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு மைக் இருந்தது. கார்டு ஃபேனைக் கொஞ்சம் வேகமாக்கிப் பார்க்கும். அறையில் இருப்பவர்களின் பேச்சு அதனால் எப்படி மாறுகிறது என்று கவனிக்கும். அதை வைத்து, மனிதர்களுக்கு எவ்வளவு சத்தம் சரிப்படும் என்று தானாகவே கற்றுக்கொள்ளும். யாரும் விதி எழுதித் தருவதில்லை. லேபில் பல மாதம் ஆட்களோடு பழகி, கற்றதையெல்லாம் சுமந்துகொண்டுதான் வீடுகளுக்கு வரும். கேட்ட பேச்சில் ஒரு சொல்லைக்கூட வெளியே அனுப்பாது. சட்டம் அப்படி.

"இந்தத் திருப்பூர் கார்டோட ரெக்கார்டைப் பாருங்க மேடம்," என்று கார்வேந்தன் திரையைத் திருப்பினான். "சிவப்புக் கோடு சூடு. நீலக் கோடு ஃபேன். சூடு மேல ஏறுது. ஃபேனும் கூடவே ஏறணும்ல? இது கீழ இறங்குது! அடுப்புல பால் பொங்குறப்ப யாராச்சும் தீயைக் கூட்டி வைப்பாங்களா?"

லேபின் தலைவி ஜெசிந்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். தூத்துக்குடிக்காரி. எதற்கும் அவசரப்பட மாட்டாள்.

"சூடு எல்லையைத் தொட்டதும் கார்டு கருகிடக் கூடாதுன்னு தன் வேலையைத் தானே குறைச்சுக்குது. அதனாலதான் கேம் இழுக்குது. சரிதானே?"

"அதேதான். நொடிக்கு நூத்தம்பது படம் வரைஞ்சுட்டு இருந்தது, அம்பதுக்கு வந்து நிக்குது. கார் ரேஸ்ல அம்பது படம்னா வளைவு கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள வண்டி சுவத்துல மோதிடும்."

"ஃபேன் ரிப்பேரா?"

"நான் போனா நல்லா சுத்துதே! அதைவிட வேடிக்கை கேளுங்க. ரம்ஜான் அன்னைக்கு அந்தத் திருப்பூர் வீட்டுல சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தாங்க. சின்ன ரூம்ல அத்தனை பேர், வெயில் வேற. ரூமே கொதிச்சிருக்கு. அன்னைக்குப் பொழுதுக்கும் கார்டு ஜில்லுனு இருந்திருக்குது. மறுநாள் எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. ரூம் குளுந்துருச்சு, கார்டு சூடாயிருச்சு."

ஜெசிந்தா சிரித்தாள். "அப்ப ஒண்ணு செய்யலாம்பா. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஆளை சேர்த்துப் பெட்டியில வச்சு வித்துருவோம். மொத பெட்டிக்குள்ள நீ ஏறிக்கோ."

அவள் சிரித்தாலும் விஷயம் சிரிப்பாக இல்லை. மூன்று முறை நேரில் போயும் கோளாறு பிடிபடாவிட்டால், பயன்படுத்துபவரின் தவறு என்று எழுதி மூடிவிட வேண்டும் என்பது லேபின் வழக்கம். மூன்றாவது முறைதான் மிச்சம். பயன்படுத்துபவர் பெயர் நஸ்ரின். கார் ரேஸ் விளையாட்டில் மாநில அணிக்கான கடைசித் தேர்வுப் போட்டி ஞாயிற்றுக்கிழமை நடக்க இருந்தது. அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். ஆனால் எல்லாரிடமும் ஒரே மென்காற்று கார்டு, அதுவும் கம்பெனி கொடுத்த அமைப்பிலேயே இருக்க வேண்டும். யாரும் கைவைத்து மாற்றக் கூடாது. அப்போதுதான் எல்லாருக்கும் சமமான வாய்ப்பு என்று போட்டி நடத்துபவர்கள் நம்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கார்வேந்தன் திருப்பூருக்குக் கிளம்பினான்.

நஸ்ரினும் அவள் கணவன் ஜாபரும் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தார்கள். ஜாபர் பனியன் கம்பெனி ஒன்றில் சட்டைகளில் அச்சிடும் படங்களை வரைபவன். இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. தங்களுக்குள் சைகை மொழியில் பேசிக்கொள்வார்கள். வெளியாள் வந்தால் மேஜைமேல் ஒரு டேப்லெட்டை நிறுத்தி வைப்பார்கள். வந்தவர் பேசுவது அதில் எழுத்தாக ஓடும். அவர்கள் தட்டச்சு செய்வது குரலாக வரும்.

கதவைத் திறந்த நஸ்ரின் அவனைப் பார்த்ததும் டேப்லெட்டில் தட்டினாள். "வாங்கண்ணா. நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே கார்டு நல்ல பிள்ளை ஆயிடுச்சு."

"இந்தத் தடவை விடறதில்லைங்க," என்று கார்வேந்தன் பையைத் திறந்தான். "இது சூட்டை அளக்குறது. இது சத்தத்தை அளக்குறது. சத்தத்தை எப்படி அளக்குறாங்கன்னு தெரியுங்களா? காத்து அழுத்தம் ஒரு சின்னத் தகட்டைத் தள்ளும். நம்ம காதுக்குள்ள இருக்குற ஜவ்வு மாதிரி. அது எவ்வளவு ஆடுதுங்கறதை..."

டேப்லெட்டில் எழுத்துகள் மழை வெள்ளம்போல ஓடின. ஜாபர் அதைக் காட்டி மனைவியிடம் விரல்களை வேகமாக அசைத்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினாள். "என்னன்னு கேக்குறீங்களா? நீங்க வந்தா டேப்லெட்டுக்குத்தான் முதல்ல சூடேறும்னு சொல்றார்."

கார்வேந்தனும் சிரித்தான். அவன் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான் என்பது லேபில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. தூசி இருக்கிறதா என்று பார்த்தபடி தூசியைப் பற்றிச் சொன்னான். மின்சாரம் சீராக வருகிறதா என்று பார்த்தபடி மின்சாரத்தைப் பற்றிச் சொன்னான். நஸ்ரின் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு பயிற்சிப் பந்தயத்தைத் தொடங்கினாள். கார்டு நொடிக்கு நூற்றைம்பது படம் வரைந்தது. ஃபேன் மெல்லிய ரீங்காரத்தோடு வேண்டிய அளவுக்குச் சுற்றியது. குறையென்று சொல்ல ஒன்றுமில்லை.

அவள் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

"இப்படித்தான் ஆகும்னு தெரியும். நீங்க போய் நல்லா ஓடுதுன்னு எழுதுவீங்க. என் கோச் என்ன சொல்றார் தெரியுமா? என் கை மெதுவாயிடுச்சாம். வயசாகுதாம். இருபத்தாறு வயசுல! கார்டு எல்லாருக்கும் ஒண்ணுதானே, உனக்கு மட்டும் எப்படி இழுக்கும்னு கேக்குறார். நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறார். அணியில இடம் போச்சுன்னா நான் தோத்ததாத்தான் ஊர் பேசும்."

டேப்லெட்டின் குரல் எல்லாவற்றையும் ஒரே தொனியில் சொன்னது. கார்வேந்தன் அவள் முகத்தைப் பார்த்துக் கருவியைக் கீழே வைத்தான்.

"நீங்க பொய் சொல்லலைங்க. ரெக்கார்டை நானே பாத்தேன். எனக்குத்தான் காரணம் புரியல. அதாவது ஃபேனை இயக்குற மோட்டார் இருக்குதே, அதுல..."

அவள் கையை உயர்த்தினாள். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. நான் இன்னும் ஒரு பந்தயம் ஓட்டிப் பார்க்குறேன். அதுவரைக்கும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா? ஓரக்கண்ணுல எழுத்து ஓடிட்டே இருக்கு. ரோட்டைப் பார்க்குறதா உங்க மோட்டாரைப் பார்க்குறதா?"

கார்வேந்தன் வாயை மூடினான். சும்மா இருப்பது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. கால் கட்டைவிரலை ஆட்டினான். சுவரில் மாட்டியிருந்த சட்டைப் படங்களை எண்ணினான். நஸ்ரினின் கார் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. ஜாபர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். வீட்டில் பேச்சுக் குரலே இல்லை.

சிறிது நேரத்தில் ஃபேனின் ரீங்காரம் தணிந்தது. தாழ்ந்துகொண்டே போய், கேட்கிறதா இல்லையா என்ற அளவுக்கு வந்தது. கார்வேந்தன் கருவியைப் பார்த்தான். சூடு எழுபது, எழுபத்தெட்டு, எண்பத்தைந்து என்று ஏறியது. திரையில் மலைப்பாதை வெட்டி வெட்டி நகர்ந்தது. நஸ்ரின் பல்லைக் கடித்தாள். வளைவில் கார் தடுப்பை இடித்துக் கவிழ்ந்தது.

"அடக் கடவுளே!" என்று கார்வேந்தன் துள்ளி எழுந்தான். "பாருங்க, பாருங்க! நான் இருக்கும்போதே ஆயிருச்சு! இதோ, சூடு எண்பத்தெட்டு! ஃபேன் படுத்துருச்சு! இதைத்தான் நான் இத்தனை நாளா..."

ஃபேன் உயிர்பெற்றுச் சீறியது.

அவன் திறந்த வாயோடு நின்றான். மறுபடி வாயை மூடினான். காத்திருந்தான். ஃபேன் தணிந்தது. மேஜைமேல் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அதன் பின்னால் அச்சிட்டிருந்ததை உரக்க வாசித்தான். "கோதுமை மாவு, சர்க்கரை, தாவர எண்ணெய்..." ஃபேன் எழுந்தது. நிறுத்தினான். தணிந்தது.

ஜாபருக்கு எதுவும் புரியவில்லை. பிஸ்கட் பாக்கெட்டிடம் பேசும் எஞ்சினியரைப் பார்த்துத் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினான். கார்வேந்தன் இருவருடைய உள்ளங்கைகளையும் இழுத்துக் கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் வைத்தான். பேசினான், பெட்டி அதிர்ந்தது. நிறுத்தினான், அதிர்வு அடங்கியது. மூன்றாவது முறை நஸ்ரினுக்குப் புரிந்துவிட்டது. அவள் குரல்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் ஃபேன் சுற்றியது.

கார்வேந்தன் அங்கிருந்தே ஜெசிந்தாவை வீடியோவில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான். நஸ்ரினும் ஜாபரும் டேப்லெட்டில் ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப பேச்சு இல்லைன்னா ஃபேனைக் குறைச்சுருது," என்றாள் ஜெசிந்தா. "ஏம்பா? நாம அப்படி ஒண்ணும் சொல்லித் தரலையே?"

"சொல்லித் தரல மேடம். அதுவா கத்துக்கிச்சு. அது எங்க வளந்துச்சுன்னு யோசிங்க."

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கைத் தேய்த்தாள்.

"பஞ்சு ரூம்," என்றாள்.

லேபில் சத்தத்தை அளப்பதற்கென்றே ஓர் அறை இருந்தது. சுவர், கூரை எல்லாவற்றிலும் பஞ்சு போன்ற கூம்புகள். வெளிச் சத்தம் உள்ளே வராது. உள்ளே போட்ட சத்தம் எதிரொலிக்காது. அதற்குள் போகிறவர்கள் செருப்பை, வளையலை, கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுவார்கள். கதை பேசிக்கொண்டே கார்டை மாட்டுவார்கள். ஃபேன் வேகமெடுக்கத் தொடங்கியதும் ஒருவர் கையைத் தூக்குவார். அந்த நொடியே எல்லாரும் பேச்சை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஃபேன் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கருவியில் பதியக் கூடாதே! அளந்து முடித்து ஃபேன் இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து கதை தொடரும். பல மாதமாக, தினமும் இப்படித்தான்.

"நஸ்ரின், நீங்களே அந்தக் கார்டுன்னு வச்சுக்குங்க," என்று கார்வேந்தன் அவள் பக்கம் திரும்பினான். "ஒரு வீட்டுக்குப் புதுசா போயிருக்கீங்க. எல்லாரும் சந்தோசமா பேசிட்டு இருக்காங்க. நீங்க வாயைத் திறந்த உடனே கப்சிப்புனு ஆயிருது. நீங்க அடங்குன உடனே மறுபடி சிரிப்பும் பேச்சும். தினமும் இதே நடந்தா என்ன நினைப்பீங்க?"

நஸ்ரின் உடனே தட்டினாள். "நான் பேசுறது இவங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைப்பேன்."

"அதேதான்! அமைதியா இருந்தா கோபமா இருக்காங்கன்னு அதுக்கு அர்த்தம். அதுக்குப் பயந்து பயந்து ஃபேனை அடக்கிக்குது. உங்க வீட்டு அமைதியைப் பார்த்துட்டு, இந்தப் பொண்ணு என்மேல பயங்கர கோவத்துல இருக்குதுன்னு நினைச்சுட்டு வேகுது."

"லேப்ல இது தெரியாமப் போனது எப்படி?" என்று ஜாபர் மனைவியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தட்டச்சு செய்தான்.

ஜெசிந்தாதான் பதில் சொன்னாள். "சத்தத்தைப் பஞ்சு ரூம்ல அளப்போம் தம்பி. அப்ப ஃபேனை நாங்களே ஒரு வேகத்துல பூட்டி வச்சுருவோம். கேம் வேகத்தை வெளிய பெரிய ஹால்ல பார்ப்போம். அங்க டீயும் அரட்டையும்தான். அமைதியான ரூம்ல கேமை ஓட்டி ஒருநாளும் பார்த்ததில்லை. கேம் ஆடுறவன் எவன் வாயை மூடிட்டு ஆடுறான்னு நினைச்சுட்டோம்."

பிறகு அவள் நடைமுறைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நேரம் இல்லை. "இப்போதைக்கு ஒரு வழி இருக்கு. ஒரு ரேடியோவைப் பக்கத்துல போட்டு வைங்க. செய்தி வாசிச்சுட்டே இருக்கட்டும். கார்டு சந்தோஷமா சுத்தும். விதியும் மீறல."

கார்வேந்தனுக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. நஸ்ரின் எழுத்தைப் படித்துவிட்டுத் தட்டினாள்.

"மேடம், ரேடியோ ஓடுதா நின்னுடுச்சான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அதை விடுங்க. என் வீட்டுல எனக்கும் இவருக்கும் எந்தக் குறையும் இல்லை. காலையில எழுந்ததுல இருந்து சண்டை, கிண்டல் எல்லாம் கையாலயே நடக்குது. எங்க வீடு அமைதியான வீடு இல்லை. உங்க கார்டு காதை மட்டும் வச்சுக்கிட்டு எங்க வீட்டை அளக்குது. அதுக்காக நான் வாடகைக்குப் பேச்சு வாங்கி வைக்கணுமா?"

கோவையிலும் திருப்பூரிலும் யாரும் பேசவில்லை. மேஜையடியில் ஃபேன் மெல்லத் தணிந்தது.

"நியாயம்," என்றாள் ஜெசிந்தா. "வேந்தா, வண்டி ஏறு. கார்டைத்தான் திருத்தணும். எல்லார் கார்டையும்."

அன்று சாயங்காலம் இருவரும் லேபில் உட்கார்ந்தார்கள். கார்டு கற்றதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து பழக்க மாதக்கணக்காகும். மைக்கையே அணைத்துவிட்டால், மென்காற்று என்று விளம்பரம் செய்து விற்றதற்கு அர்த்தமில்லை. தூங்கும் குழந்தைக்காகக் குரலைத் தாழ்த்துகிற வீட்டில் அது காட்டுக்கத்தல் கத்தும் என்று ஜெசிந்தா கவலைப்பட்டாள். கற்றது கற்றபடி இருக்க, எங்கே தப்பாகப் புரிந்துகொண்டதோ அந்த இடத்தில் மட்டும் ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும். தாழ்ப்பாளைக் கண்டுபிடித்த பிறகு அதை எழுத அதிக நேரம் ஆகவில்லை. சனிக்கிழமை பகல் முழுவதும் பஞ்சு ரூமில், மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தமில்லாமல், கேமை ஓட்டிச் சோதித்தார்கள். அந்த அறைக்குள் கேம் ஓடியது அதுதான் முதல் முறை.

எல்லாம் சரியாக இருந்தது. ஜெசிந்தா மேலிடத்தில் பேசி, கார்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் திருத்தத்தை அனுப்ப அனுமதி வாங்கினாள். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

"எங்க வீட்லயும் இந்தக் கார்டு ஒண்ணு இருக்குப்பா. என் மகன் ஒரு மாசமா அம்மா, கேம் இழுக்குது, இழுக்குதுன்னு சொல்லிட்டே இருந்தான். கம்மியா ஆடு, சரியாப் போயிரும்னு சொல்லிட்டேன்."

"உங்க வீட்டுல எல்லாருக்கும் காது நல்லாத்தானே கேக்கும் மேடம்?" என்று கேட்ட பிறகுதான் கார்வேந்தனுக்குத் தான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

"நல்லாவே கேக்கும்," என்றாள் ஜெசிந்தா. "எங்க வீட்ல சத்தமே இருக்காதுன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டு இருந்தேன்." கைப்பையை எடுத்துக்கொண்டாள். "இன்னைக்குச் சீக்கிரம் போறேன். அவன் என்ன கேம் ஆடுறான்னுகூட எனக்குத் தெரியாது. போய்க் கேக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை கார்வேந்தன் திருப்பூருக்குப் போனான். ஆனால் மாடிக்குப் போகவில்லை. அவன் உள்ளே இருந்தால் பேசாமல் இருக்க மாட்டான். பேசினால் திருத்தம் வேலை செய்ததா, அவன் பேச்சு வேலை செய்ததா என்று தெரியாமல் போய்விடும். எதிர்ச்சாரியில் இருந்த பேக்கரியில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு, மாடி ஜன்னலைப் பார்த்தபடி நின்றான்.

போட்டி தொடங்கும் நேரத்தில் ஜன்னலிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. டீ ஆறியது. தாழ்ப்பாள் சரியாக விழவில்லையோ? பஞ்சு ரூமில் சரியாக இருந்தது இந்த வீட்டு வெயிலுக்குச் சரிப்படவில்லையோ?

அப்போது மெல்ல ஆரம்பித்தது. முதலில் வண்டின் ரீங்காரம்போல. பிறகு தெருவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்கு. பந்தயம் மலைப்பாதைக்கு வந்திருக்க வேண்டும். பேசுகிறவர் யாருமில்லாத அந்த வீட்டில் ஃபேன் எதற்கும் பயப்படாமல், முழுத்தொண்டையில், அடங்காமல் சுற்றியது.

"ஏனுங்க, மேல என்ன மிக்ஸி ஓட்டறாங்களா?" என்று பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். "அவங்க வீட்டுல இருந்து இத்தனை நாளா இப்படி ஒரு சத்தம் வந்ததில்லையே!"

"மிக்ஸி இல்லீங்க. நல்ல சத்தம்தானுங்க, விடுங்க," என்றான் கார்வேந்தன். ஃபேன் எப்படிச் சுற்றுகிறது என்று அவருக்கு விளக்கவும் ஆரம்பித்துவிட்டான். காற்று, தகடு, சூடு என்று அவன் பாதிக்கு வருவதற்குள் மாடிக் கதவு திறந்தது. ஜாபர் பால்கனிக்கு ஓடி வந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். பின்னாலேயே நஸ்ரின் வந்தாள். மூன்று விரல்களைக் காட்டினாள். மூன்றாவது இடம். அணிக்கு முதல் நான்கு பேர்.

கார்வேந்தனும் கைகளைத் தூக்கி ஆட்டினான். ஃபோன் அடித்தது. ஜெசிந்தா.

"இடம் வாங்கிட்டாளா?"

"வாங்கிட்டாங்க மேடம்! மூணாவது!"

"நல்லது. எம்மவனும் நல்லா ஓடுதுங்கான். பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், தொணதொணக்காதீங்கன்னு திட்டுதான்." பின்னணியில் ஒரு பையனின் சிரிப்புக் கேட்டது. "எல்லாருக்கும் அனுப்புன திருத்தத்துக்கு ஒரு குறிப்பு எழுதணும். என்ன மாத்தினோம்னு சனங்களுக்குப் புரியற மாதிரி ரெண்டு வரியில சொல்லு. ரெண்டே வரி, உன்னைத் தெரியும்."

கார்வேந்தன் பேக்கரி மேஜையில் சாய்ந்து யோசித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"அறையில் இருப்பவர்கள் ஃபேன் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாலோ, யாருக்காகவோ குரலைத் தாழ்த்தினாலோ மட்டுமே கார்டு ஃபேனைக் குறைக்கும். யாரும் பேசாவிட்டால் அதற்கு எந்த அர்த்தமும் கற்பிக்காமல், சூட்டை மட்டும் பார்த்து ஃபேனைச் சுழற்றும்."